நெஞ்சுக்கு இரண்டு சொட்டு, தண்ணிக்கு மூன்று

நெடும்பாக்கம் களத்துமேட்டுத் தெருவில் ஒரு குதிரையும், முகம் பூராவும் கண்ணாக இருக்கும் ஒரு பறவையும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் அளந்து பார்க்காத ஒரு துணியும், கோழி அடைகாக்கிற வெள்ளை உருண்டை ஒன்றும் வந்து குடியேறியதற்கு ஷூ கம்பெனியின் சீனப் பாடம்தான் காரணம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், தெரிந்துகொண்டு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை. குதிரைக்குப் புல் போட ஆள் இருக்கிறது, பறவைக்குச் சோறு வைக்க ஆள் இருக்கிறது. கஸ்தூரியின் வயிற்றெரிச்சலைத்தான் ஒருத்தரும் கேட்கவில்லை, அதனால் அதைச் சொல்கிறேன்.

கஸ்தூரி அந்த வீட்டின் மூத்த மருமகள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது, பி.காம். படிப்பு அவளோடு கூடவே வந்தது, ஷூ கம்பெனியில் சூப்பர்வைசருக்கான நீலக் கோட்டு அவள் பாடுபட்டு வாங்கியது. அதே கம்பெனியில் பசை ஒட்டும் மேஜையில் நிற்பவள் அஞ்சலை, அவள் கொழுந்தன் பெண்டாட்டி, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், எதையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறவள். கம்பெனியை நடத்துகிறவர்கள் சீன மொழிக்காரர்கள். அவர்களுக்கும் இங்கத்திய பெண்களுக்கும் நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டும், சாயங்காலத்தில் பாடம் நடக்கும், நன்றாக வருகிறவளை மேலாளர் லின் மேடமே பரீட்சை வைத்து எடுத்துக்கொள்வார், கடல் தாண்டி அவர்கள் ஊருக்கே கூட்டிப்போய்ப் பழக்குவார் என்று அறிவிப்பு வந்த அன்றே கஸ்தூரி பேர் கொடுத்தாள். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவள் மனசில் துண்டு போட்டு வைத்தாயிற்று. மறுநாள் அஞ்சலையும் பேர் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “நீங்க போறீங்களேன்னுதான்க்கா, வீட்டுல தனியா இன்னா பண்றது” என்றாள்.

உரக்கடைக்கு மேலே இருந்த தையல் ஹாலில் பாடம். சொல்லிக்கொடுத்தவன் ஜெயசீலன், சீனாவுக்குப் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, இங்கே எழுதவேண்டிய பரீட்சையில் தேறாமல் போய், மருந்து எழுதித் தர முடியாத கையால் சீன எழுத்து எழுதித் தந்துகொண்டிருந்தவன். ஊர் அவனை அரை டாக்டர் என்று அழைத்தது, அவனும் திரும்பிப் பார்ப்பான். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஒரு படம் ஒளிந்திருக்கிறது, படத்தைப் பிடித்துக்கொண்டால் எழுத்து மறக்காது என்பது அவன் வித்தை. சாப்பாட்டுச் சொற்கள், சாமான் சொற்கள் எல்லாம் முடிந்து பயத்தின் சொற்களுக்கு வந்தார்கள். மெஷினிடம், மேஸ்திரியிடம், வேலை போய்விடுமோ என்பதில் என்று கம்பெனியில் பயத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் இந்தப் பாடம் நீளமானது.

“இது ‘பா’. பயப்படறதுன்னு அர்த்தம்” என்று பலகையில் எழுதினான் அரை டாக்டர். “இடப்பக்கம் பாருங்க, ஒரு குச்சி, குச்சிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. இது நெஞ்சு, நிக்கிற நெஞ்சு. வலப்பக்கம் இருக்கிறது வெள்ளை. நெஞ்சு வெளுத்துப்போனா என்ன?”

“பயம்” என்றது ஹால்.

“இதே இடத்துல குச்சி இல்லாம வெறும் மூணு சொட்டு வெச்சா அது தண்ணி. குழப்பிக்காதீங்க. நெஞ்சுக்கு ரெண்டு சொட்டு, தண்ணிக்கு மூணு.”

கஸ்தூரி கோடு போட்ட தாளில் அச்சு மாதிரி எழுதினாள். தாள் கொண்டுவராத அஞ்சலை, கோட்டுப் பையில் கிடந்த தோல் துண்டு ஒன்றை எடுத்து, தோலில் குறி போடுகிற வெள்ளி மைப் பேனாவால் கோணலும் மாணலுமாக எழுதினாள். எழுதிக்கொண்டே, “நெஞ்சு வெளுத்துப் போச்சு, நெஞ்சு வெளுத்துப் போச்சு, நம்ம லைன்மேன் தொரக்கண்ணு அண்ணன் கம்பத்துல ஏறும்போது அவுரு மூஞ்சி வெளுத்துப் போறாப்பல” என்று தாலாட்டுப் பாடுகிற மாதிரி முணுமுணுத்தாள். எழுத்து முடிந்தது, தோல் துண்டிலிருந்து பூசணிப் பிஞ்சு அளவில் வெள்ளையாக ஏதோ ஒன்று உருண்டு அவள் மடியில் விழுந்தது. வெதுவெதுவென்று இருந்தது, துடித்தது. அஞ்சலை அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு, அடுத்த எழுத்து என்ன என்று பலகையைப் பார்த்தாள்.

அதே நேரத்தில் கிழக்குத் தெருக் கம்பத்தின் உச்சியில் துரைக்கண்ணு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடுங்கிக்கொண்டே ஏறிய மனிதன், சாவகாசமாக ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்ததைத் தெருவே பார்த்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நெஞ்சுக்குப் பக்கத்தில் துணியை வைத்தால் திகில் என்றான் அரை டாக்டர், அஞ்சலை டீக்கடைக்காரன் சம்பங்கியை நினைத்து எழுதினாள், சம்பங்கிக்குச் சுடுகாட்டுப் பாதை பயம் விட்டுப்போனது, வீட்டுக் கொடியில் யாருடையதும் இல்லாத ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது, இழுக்க இழுக்க வந்தது. நெஞ்சு, இரண்டு கண், கண்ணுக்குக் கீழே ஒரு பறவை, இது மருட்சி என்றான், வார்டு மெம்பர் பச்சையம்மாளுக்கு யாரோ தன்னையே பார்க்கிற மாதிரி இருந்த பயம் கழன்று தண்ணீர்த் தொட்டி மேல் பறவையாக உட்கார்ந்தது. மேலே கும்பிடு, கீழே குதிரை, கும்பிடுகிற நேரத்தில் குதிரை மிரண்டால் அதுதான் திடுக்கிடல் என்றான், பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய் ஒளிகிற மாடிவீட்டு ருக்குமணி அந்த வாரக் கல்யாணத்தில் வெடிக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றாள், விடிந்தபோது களத்துமேட்டில் ஒரு செம்பட்டைக் குதிரை நின்று பால் வண்டியின் ஹாரனுக்குத் துள்ளியது.

தெரு இதையெல்லாம் தன் பாட்டுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டது. துணியைக் கல்யாண வீடுகளுக்குப் பந்தலாகக் கட்டினார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்தவர்களுக்கு லேசாக உடம்பு நடுங்குவதால் பந்தி சீக்கிரம் முடிந்தது, சமையல்காரர்களுக்கு அந்தத் துணி பிடித்துப்போனது. வெள்ளை உருண்டையின் மேல் பச்சையம்மாளின் கோழி ஏறி உட்கார்ந்தது, யாரும் விரட்டவில்லை. கொஞ்ச நாளில் பயத்தைக் கொடுத்தவர்கள் அதைக் கைமாற்றாகக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். துரைக்கண்ணு ஈரக்கையோடு கம்பியைப் பிடிக்கப்போனதைப் பார்த்த அவன் பெண்டாட்டி காலையில் ஓடிவந்து, “அஞ்சல, அவுரு வேலைக்குப் போறாரும்மா, உருண்டைய குடு, சாயந்திரம் கொண்டாந்து தரேன்” என்று வாங்கிப்போய் அவன் தோள்பையில் போட்டு அனுப்புவாள். ருக்குமணி ரோட்டைத் தாண்டவேண்டிய நாளில் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பேருக்கேற்ற பெண் என்றார்கள், அஞ்சலை என்றால் அஞ்சவில்லை என்றுதானே அர்த்தம், பெற்றவர்கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள் என்றார்கள். வந்தவர்கள் கஸ்தூரியின் வீட்டு வாசலில் நின்று கஸ்தூரியிடமே, “அஞ்சலை வூடு எதும்மா?” என்று கேட்டார்கள்.

கஸ்தூரிக்கு வயிறு எரிந்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை, எரிந்தது, காலையில் எழுந்ததும் எரிந்தது, அஞ்சலை சிரிக்கிற சத்தம் கேட்டால் எரிந்தது, அஞ்சலை அவளுக்கென்று எடுத்துவைத்த மீன் துண்டைத் தின்னும்போதும் எரிந்தது. எந்தக் கோட்டை முதலில் போடவேண்டும், எந்தக் கொக்கியை எங்கே மடக்கவேண்டும் என்று ஒன்று விடாமல் அவளுக்குத் தெரியும், வகுப்பில் அவள்தான் முதல், அரை டாக்டரே அவள் தாளைத் தூக்கிக் காட்டிப் பாராட்டுவான். அவள் எழுத்திலிருந்து ஒரு கொசு கூட வரவில்லை. அந்தக் கோணல் கைக்குக் குதிரை வருகிறது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு, தோல் துண்டிலேயே, அதே வெள்ளி மையிலேயே, திடுக்கிடலுக்கான எழுத்தை அவளும் எழுதிப் பார்த்தாள், திரும்பத் திரும்ப எழுதினாள், துண்டு நிறைந்ததும் வேறு துண்டு எடுத்தாள். எழுதிவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கைப்பிடி அருகம்புல் பறித்து வைத்திருந்தாள், வந்தால் போடவேண்டுமே என்று. பொழுது சாய்ந்ததும் அந்தப் புல்லைக் கொண்டுபோய் அஞ்சலையின் குதிரைக்குப் போட்டாள். அது அவள் கையிலிருந்து தின்னாமல் கீழே விழுந்த பிறகு தின்றது.

மருந்துக்கடையில் வயிற்றெரிச்சல் என்று சொல்லி மாத்திரை வாங்கினாள். மோர் குடித்தாள், சீரகத் தண்ணீர் குடித்தாள், காரத்தை விட்டாள். புருஷன் ஞானவேல், “காலைல வெறும் வயித்துல டீ குடிக்காத” என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லின் மேடத்தின் பரீட்சைக்குத் தேதி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அஞ்சலை தோல் துண்டோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

“அக்கா, மொதல்ல படிச்சமே, ‘பா’. வலப்பக்கம் வெள்ளைன்னு தெரியுது. இடப்பக்கம் இன்னாக்கா வரும்? குச்சி போட்டு ரெண்டு சொட்டா, இல்ல மூணு சொட்டா? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கிச்சு.”

கஸ்தூரி கீரைத் தண்டை ஒடித்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்ததாகத்தான் அவளுக்கே ஞாபகம். பரீட்சையில் மேடத்துக்கு முன்னால் அஞ்சலை தப்பாக எழுதி, மேடம் புருவத்தைத் தூக்கி, அஞ்சலை முகம் தொங்கிப்போவது கண்ணுக்கு முன்னால் வந்தது, எவ்வளவு குளிர்ச்சியாக வந்தது.

“மூணு சொட்டு” என்றாள்.

“அதானே பார்த்தேன். நீங்க இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்க்கா” என்று அஞ்சலை எழுந்து போனாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது தெருவில் தண்ணீர் நின்றது. மழை இல்லை, ஏரி உடையவில்லை, அரிசி கழுவிய தண்ணீரைப் போல வெள்ளையாக ஒரு தண்ணீர், தெருக்கோடியில் கணுக்கால் அளவு, நடுவில் முழங்கால் அளவு, கஸ்தூரியின் அறைக்குள் இடுப்பளவு. அவள் வாசல் கதவின் நாதாங்கியில் ஒரு படகு கட்டியிருந்தது. தெரு அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. பச்சையம்மாள் வாத்து வாங்கினாள், பெண்கள் வாசலில் உட்கார்ந்தபடியே துணி அலசினார்கள், சம்பங்கி டீயைத் தட்டில் மிதக்கவிட்டு எதிர்வீட்டுக்கு அனுப்பினான், இதை ஏரிக் கணக்கில் சேர்ப்பதா குட்டைக் கணக்கில் சேர்ப்பதா என்று பஞ்சாயத்தில் பேச்சு நடந்தது. குதிரை மட்டும் மேட்டில் நின்றுகொண்டு, வாத்து கத்தும்போதெல்லாம் துள்ளியது.

அரை டாக்டர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து பார்த்தான், படகைத் தட்டினான், சிரித்தான்.

“இது ஒண்ணும் இல்ல. தண்ணிக்குப் பக்கத்துல வெள்ளையை எழுதினா ஏரின்னு அர்த்தம், படகைக் கட்டிப்போடறதுன்னும் அர்த்தம். யாரோ நெஞ்சு இருக்கவேண்டிய இடத்துல தண்ணிய ஊத்தியிருக்காங்க.”

கஸ்தூரி அதைக் கேட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். கட்டிலிலிருந்து மிதந்துவந்த அவள் தலையணைக்கு அடியில் ஒரு தோல் துண்டு ஒட்டியிருந்தது. கோணல் எழுத்து, இடப்பக்கம் மூன்று சொட்டு.

“இது எப்படி என் தலகாணிக்குக் கீழ வந்துச்சு?” என்று கேட்டாள்.

அஞ்சலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். “நான்தான்க்கா வெச்சேன். உங்களுக்காகத்தான் எழுதினேன். கொஞ்ச நாளா நீங்க தூங்கறதே இல்ல, பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க, சோறு எறங்கல. ஏதோ பயந்துக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன். பரீட்சைக்கு முன்னாடி எடுத்துட்டா நல்லா எழுதுவீங்கன்னு... நீங்க ஒழுங்காத்தான் சொல்லியிருப்பீங்க, நான்தான் தப்பா காதுல வாங்கிக்கினேன். மன்னிச்சுக்குங்கக்கா.”

அவள் திட்டியிருந்தால் கஸ்தூரி தாங்கியிருப்பாள். அவளோ மன்னிப்புக் கேட்டாள். கஸ்தூரி படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், அதைத் தவிர அந்த வீட்டில் உட்கார உலர்ந்த இடம் இல்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. அப்போதும் வயிறு எரிந்தது, அதுதான் அவளுக்கே தாளவில்லை, எனக்காக எழுதினாளாம், இவளுக்கு நல்ல மனசு வேறு இருக்கிறதா, அதிலும் இவள்தான் முதலா என்று எரிந்தது.

அன்று சாயங்காலம் பயப் பாடத்தின் கடைசி வகுப்பு. ஓரகத்திகள் இரண்டு பேரும் அந்தப் படகிலேயே தெருமுனை வரை போய், மாடி ஏறினார்கள்.

“இது ‘ஜி’” என்றான் அரை டாக்டர். “மேல இருக்கிறது ‘தான்’. நானு, எனக்குன்னு சொல்றோமே, அந்தத் தான். மண்டி போட்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கு பாருங்க. கீழ நெஞ்சு. இத்தனை நாள் நெஞ்சு குச்சியா நின்னுச்சு இல்லையா? இதுல நிக்காது. மேல ஆள் ஏறி உட்கார்ந்துட்டா நெஞ்சு எப்படி நிக்கும், படுத்துடும்.”

“அர்த்தம் இன்னா சார்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அஞ்சறதுன்னு ஒரு அர்த்தம். பொறாமைன்னு ஒரு அர்த்தம். அவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே எழுத்து.”

கஸ்தூரியின் பேனா நின்றுவிட்டது. தமிழில் அதை வயிற்றில் வைத்திருக்கிறோம், அதனால் அவள் வயிற்றிலேயே தேடிக்கொண்டிருந்தாள், மோர் ஊற்றினாள், மாத்திரை போட்டாள். அது அங்கே இல்லவே இல்லை, ஒரு மாடி மேலே ஏறி நெஞ்சின் மேல் சம்மணம் போட்டிருக்கிறது. அதன் இன்னொரு பேர் பயம். எனக்கென்று இருந்த ஒரே இடத்தையும் இவள் எடுத்துக்கொண்டால் நான் யார் என்கிற பயம்.

“அஞ்சல, உன் பேனாவக் குடு” என்றாள். தோல் துண்டும் வாங்கிக்கொண்டாள். கோடுகளின் வரிசையை நினைக்காமல், கோணலாகத்தான் எழுதினாள். அவளை அறியாமல் வாய் முணுமுணுத்தது: “எம் மேல நானே ஏறி உட்கார்ந்துக்கினு இருக்கேன், ஏந்திருக்க மாட்டேங்கிறேன், எம் மேல நானே ஏறி உட்கார்ந்துக்கினு இருக்கேன்...”

எழுத்து முடிந்ததும் பெஞ்சின் மேல் இன்னொரு கஸ்தூரி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். அதே மூக்குத்தி, அதே நீலக் கோட்டு, ஆள் மட்டும் தோள் உயரம். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “யாருக்கு மார்க்கு அதிகம்?” என்பதுதான். கீழே தெருவில் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். விருந்தாளி வந்திருக்கிறாளா என்று பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள், கஸ்தூரியின் பொறாமை என்று அஞ்சலை சொன்னாள், அப்படியா, டீ குடிப்பாளா என்று கேட்டுவிட்டு பச்சையம்மாள் போனாள். டீ குடித்தாள். பக்கத்துத் தம்ளரோடு தன் தம்ளரை ஒட்டி வைத்து அளவு பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். இட்லி போட்டால் அடுத்த தட்டை எட்டிப் பார்த்தாள். வாசலில் போகிற வருகிறவர்களிடம், “பி.காம். படிச்சிருக்கேன்” என்றாள். தெரு அவளுக்கும் பழகிவிட்டது.

கஸ்தூரி அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். எரிச்சல் இல்லை. பரீட்சை அறைக்குள் போகும்போது கால் தரையில் படாத மாதிரி இருந்தது. லின் மேடம் கேட்டதையெல்லாம் ஒரு கோடு பிசகாமல் எழுதினாள், மேடம் தலையாட்டினார். அடுத்து அஞ்சலை உட்கார்ந்தாள். நிறையத் தப்பு. அதற்குள் சுவரில் ஒரு பல்லி வந்தது, லின் மேடம் நாற்காலி மேல் ஏறிவிட்டார், இந்த ஊருக்கு வந்த நாளாகப் பல்லியால் அவர் பட்டபாடு கம்பெனிக்கே தெரியும். அஞ்சலை தோல் துண்டை எடுத்து, குச்சி போட்டு, இரண்டு சொட்டு வைத்து, பக்கத்தில் வெள்ளையை எழுதி, மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மொழியிலேயே அந்த ஒரு சொல்லை ஆறுதலாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வெள்ளையாக ஒன்று மேஜை மேல் உருண்டது. மேடம் நாற்காலியிலிருந்து இறங்கினார், பல்லியின் கிட்டே போய் நின்று பார்த்தார், பிறகு உட்கார்ந்து அழுதார். எல்லோரும் எனக்கு வார்த்தை சொன்னார்கள், இவள்தான் என்னோடு பேசினாள் என்று அவர் சொன்னதாக அரை டாக்டர் மொழிபெயர்த்தான். நாற்காலி அஞ்சலைக்குப் போயிற்று.

அஞ்சலை ஓடிவந்து கஸ்தூரியைக் கட்டிக்கொண்டாள். “அக்கா, உங்களுக்குத்தான் வந்திருக்கணும், நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?” என்றாள்.

கஸ்தூரி தனக்குள்ளே பார்த்தாள். வருத்தம் இல்லை. சந்தோஷமும் இல்லை. இத்தனை நாள் எந்த நாற்காலிக்காக விழுந்து விழுந்து படித்தாளோ அந்த நாற்காலி எதற்கு என்றே ஞாபகம் வரவில்லை. அஞ்சலையின் கண்ணீர் தோளை நனைத்ததைப் பக்கத்து வீட்டுக் கொடியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “மூணு சொட்டுன்னு நான்தான்டி பொய் சொன்னேன்” என்று சொன்னாள், அதைச் சொல்லும்போது கூட நாக்கு கூசவில்லை. அஞ்சலை அவளை நிமிர்ந்து பார்த்தாள், கட்டியிருந்த கை கொஞ்சம் தளர்ந்தது, பிறகு பழையபடி இறுகியது. அந்தக் கைக்காகவாவது ஏதாவது தோன்றவேண்டும் என்று கஸ்தூரி காத்திருந்தாள். காலி பண்ணிக்கொண்டு போன வீடு மாதிரி இருந்தது உள்ளே.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தவள் கழுத்தை நீட்டினாள்.

“யாருக்கு?”

“அஞ்சலைக்கு.”

அவ்வளவுதான், அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள், மேட்டில் குதிரை துள்ளியது, தொட்டி மேலிருந்த பறவை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. எத்தனை நாள் படிச்சேன், பாத்ரூமுல நின்னுக்கினு மனப்பாடம் பண்ணேன், புல்லு கூடப் பறிச்சு வெச்சேன், ஒண்ணாச்சும் எனக்குன்னு வந்துச்சா என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். கஸ்தூரி கேட்டுக்கொண்டே நின்றாள். அந்தப் புல்லைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. அதற்காக அழ இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். ஒல்லியாக இருந்தாள், சரியாகச் சாப்பிடாத முதுகு.

“வயிறு எரியுது” என்றாள் அழுதவள்.

“தெரியும். மோர் எடுத்து வெச்சிருக்கேன். உள்ள வா.”

“உள்ளன்னா?”

“உள்ளதான். இருந்த எடத்துக்கே வா. ஆனா ஒண்ணு, மேல ஏறி உட்காராத. பக்கத்துல உட்காரு. நெஞ்சு கொஞ்சம் நிக்கட்டும்.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்ததும் வாசலில் ஒரே ஒரு கஸ்தூரிதான் இருந்தாள், அவளுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. உள்ளே அஞ்சலை பெட்டியில் என்ன வைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கஸ்தூரி அடுப்பைப் பற்றவைத்து, மிளகாய் வறுத்து, அந்த ஊரில் என்னத்தைத் தின்பாளோ என்று ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். “அக்கா, காரம் கமறுதுக்கா, கண்ணு எரியுது” என்று அஞ்சலை இருமினாள்.

“எனக்கும்தான்டி எரியுது” என்றாள் கஸ்தூரி, ஜாடியை வாய் வரை நிரப்பித் துணி கட்டினாள்.